நான்காவது கோல் விழாத பக்கம்

அந்த மாநிலத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: கலைந்துபோன எந்த அணியின் கடைசி ஆட்டத்துக்கும் தான் போகவில்லை என்று யாரும் சொல்வதில்லை. போனதாகச் சொல்பவரிடம் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று யாரும் கேட்பதுமில்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் இது எத்தனையாவது தட்டு என்று கேட்பதற்குச் சமமான அநாகரிகம் அது.

இந்தச் சட்டத்துக்கு அங்கே வேலை அதிகம். நாற்பது ஆண்டுகளில் அந்த மாநிலம் எட்டுத் தொழில்முறை அணிகளை வளர்த்து, எட்டையும் பறிகொடுத்திருந்தது. தலைநகரின் கூடைப்பந்து அணி, உரிமையாளர் கல்யாணம் செய்துகொண்டு வேறு நாட்டுக்குக் குடிபோனதும் படுத்துவிட்டது. ஹாக்கி அணிக்குப் பணம் கொடுத்து வந்தது ஒரு குடை நிறுவனம். இரண்டு வருடம் தொடர்ந்து மழை பெய்யாததில் நிறுவனம் மடங்கியது, அணியும் கூடவே மடங்கியது. நலிந்த இரண்டு கைப்பந்து அணிகளை ஒன்றாக்கினால் ஒன்றாவது பிழைக்கும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். இரண்டும் ஒரே மாதத்தில் போய்ச் சேர்ந்தன. பெண்கள் கூடைப்பந்து அணியின் கதைதான் விசித்திரம். அது எல்லோரையும் தோற்கடித்து, தோற்கடிக்க ஆளில்லாமல் போனதால் மூடப்பட்டது. மற்ற அணிகளின் கதைகளும் ஏறக்குறைய இந்த ரகம்தான்.

எட்டாவது அணி நாரைகள். கால்பந்து. அதன் மைதானம் இருந்த இடத்தில் இப்போது பல்பொருள் அங்காடி ஒன்று நிற்கிறது. மைதானத்தில் ஐயாயிரம் பேர் உட்காரலாம். நாரைகள் கடைசியாக ஆடிய அந்த மழைநாள் மாலையில் அங்கே இருந்ததாகச் சொல்பவர்களை எண்ணினால் ஊர் ஜனத்தொகையைத் தாண்டிவிடும். அவர்களில் சிலர் அதற்குப் பிறகுதான் பிறந்தார்கள் என்பதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

உண்மையில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது ஒருவருக்குத் தெரியும். அவர்தான் அன்று கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றவர். எதிரணி தன் பக்கத்தில் பந்தை வைத்துக்கொண்டு பொழுது போக்கிய நேரங்களில், வேறு வேலையில்லாமல் அவர் பார்வையாளர்களை எண்ணினார். அறுபத்திரண்டு பேர். அதில் பாதிப் பேருக்கு முகம் இல்லை, குடைதான் இருந்தது.

ஊர் அவரை இன்றும் கீப்பர் என்றே கூப்பிடுகிறது. பத்தொன்பது வருடங்களாக அவர் கடைவீதியில் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். முன்பக்கம் கண் பரிசோதனை, நாற்காலி, எழுத்துப் பலகை. பின்பக்கம் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம். பரிசோதனை அவருடையது, இயந்திரம் மனைவியுடையது. கல்லாவுக்கு மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் நாரைகளின் சாம்பல்நிற ஜெர்சி மடித்து வைக்கப்பட்டிருக்கும். மார்பில் ஒன்று என்ற எண் மட்டும் தெரியும். கைகள் பின்னால் மடங்கியிருக்கும், போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறவனைப் போல.

அந்தக் கடைசி ஆட்டத்தில் நாரைகள் மூன்றுக்குச் சுழியம் என்று தோற்றார்கள். நான்காகியிருக்க வேண்டியது. எண்பத்தெட்டாவது நிமிடத்தில் எதிரணிக்குக் கிடைத்த பெனால்டியை அவர் பாய்ந்து தடுத்தார். அவருடைய ஆட்ட வாழ்க்கையில் ஊர் நினைவில் வைத்திருப்பது இந்த ஒன்றைத்தான். "நாலாவது கோலைத் தடுத்த சிங்கம்யா இவரு" என்று வெளியூர் விருந்தாளிகளுக்கு அறிமுகம் செய்வார்கள். அதில் பெருமை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று அவரால் இன்றுவரை பிரித்தறிய முடிந்ததில்லை.

பாய்ந்தது எந்தப் பக்கம் என்பதில்தான் தகராறு.

அந்த ஆண்டு முழுக்க அவருக்கு எதிராகப் பதினோரு பெனால்டிகள் உதைக்கப்பட்டன. பதினொன்றுக்கும் அவர் தன் வலப்பக்கமே பாய்ந்தார். பதினொன்றும் கோல். உடம்புக்கு அந்த ஒரு திசைதான் தெரியும். பயிற்சியாளர் திட்டித் தீர்த்தார், சக ஆட்டக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. பன்னிரண்டாவது பெனால்டியின்போது, அணியே நாளை இல்லை என்று தெரிந்த பிறகு, ஜெயிக்கவோ தோற்கவோ எதுவும் மிச்சமில்லாதபோது, அவர் முதல்முறையாக யோசித்தார். யோசித்து இடப்பக்கம் பாய்ந்தார். பந்து அங்கே வந்தது. ஆகவே அவருக்கு அந்த இடது என்பது வெறும் திசையல்ல. உடம்பு சொன்னதை மீறி, தானாக ஒரு முடிவு எடுத்த ஒரே தருணம் அது. வலது என்று ஆகிவிட்டால், பழக்கதோஷத்தில் விழுந்தவன் மேல் பந்து தானே வந்து மோதியதாகிவிடும்.

ஆனால் ஊர் வலது என்றது. அதற்குக் காரணம் மறுநாள் செய்தித்தாளில் வந்த ஒரு வாக்கியம்: "கோல்காப்பாளர் வழக்கம்போல் வலப்புறம் பாய்ந்து நான்காவது கோலைத் தவிர்த்தார்." எழுதிய நிருபர் மழைக்குப் பயந்து இடைவேளையிலேயே வீட்டுக்குப் போய்விட்டார். முடிவைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, மீதியைத் தன் அனுபவத்தை வைத்து இட்டு நிரப்பினார். பிற்பாடு ஊரில் உலவிய அத்தனை பாடபேதங்களுக்கும் அதுவே மூலப்பிரதி. ஒருவர் கதையில் மழை கூடும், இன்னொருவர் கதையில் பந்து சுழலும், மூன்றாமவர் கதையில் கீப்பர் காற்றில் இரண்டு வினாடி மிதப்பார். வலது மட்டும் மாறாது. அதனாலேயே கீப்பருக்கு ஓர் இரகசிய அளவுகோல் கிடைத்தது. வலது என்று சொன்னவர் எவரும் அன்று வரவில்லை. பத்தொன்பது வருடங்களில் ஒருவர்கூட இடது என்று அவரிடம் சொன்னதில்லை. அவர் யாரையும் காட்டிக்கொடுத்ததும் இல்லை. சட்டம் என்றால் சட்டம்.

அவர் மனைவி எந்தப் பக்கம் என்றும் சொன்னதில்லை. மழையைப் பற்றிப் பேசுவாள், குடையைப் பற்றிப் பேசுவாள், பக்கத்துக்கு வரும்போது இயந்திரத்தைப் போட்டுவிடுவாள். கீப்பரும் கேட்டதில்லை. பந்தைப் பிடித்து எழுந்தபோது கிழக்கு வாயில் அருகே ஒரு மஞ்சள் குடையைத் தான் பார்த்ததும், அது அவள்தான் என்று நினைத்ததும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த மஞ்சள் குடை இன்றும் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அதற்கு மேல் என்ன கேட்பது?

இப்படிச் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்த விஷயத்தில் மண் விழுந்தது, ஓவியர் ஊருக்குள் வந்த அன்று.

மறைந்த எட்டு அணிகளுக்கும் ஊருக்கொரு சுவரில் சித்திரம் தீட்டுவது என்று மாநில விளையாட்டுத் துறை முடிவு செய்திருந்தது. அந்த வேலை முப்பது வயதுப் பெண் ஒருத்திக்குக் கிடைத்தது. ஐந்து சுவர்களை முடித்துவிட்டு, முழங்கைவரை ஐந்து அணிகளின் வண்ணங்களோடு அவள் ஆறாவதாக இந்த ஊருக்கு வந்திருந்தாள். அங்காடியின் வண்டி நிறுத்துமிடத்தில் பழைய மைதானச் சுவர் ஒன்று இடிபடாமல் எஞ்சியிருந்தது. அதில் சாரம் கட்டி, வெள்ளையடித்து, நேராகக் கண்ணாடிக்கடைக்கு வந்தாள்.

"சார், நீங்க பாயுறதத்தான் வரையப் போறேன். எந்தப் பக்கம்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுது."

"இடது."

"யாரோட இடது? பார்க்கிறவங்களுக்கா, உங்களுக்கா? போன ஊர்ல இதுல ஏமாந்துட்டேன். கூடைப்பந்து கேப்டன் இப்ப இடதுகைக்காரரா நிக்கிறாரு."

கேள்வி நியாயமானது. கீப்பர் அவளை வாசலுக்கு அழைத்துப் போய்க் கைநீட்டிக் காட்டினார். "அதோ தண்ணீர்த் தொட்டி தெரியுதா? நான் நின்ன கோலுக்கு இடது அந்தப் பக்கம். வலதுன்னா பஸ் ஸ்டாண்ட் பக்கம். நான் பாய்ஞ்சது தொட்டிப் பக்கம்."

ஓவியர் குறித்துக்கொண்டு போனாள். அரைமணி நேரத்தில் திரும்பி வந்தாள். முகம் தொங்கியிருந்தது.

"சார், பேக்கரிக்காரர் பஸ் ஸ்டாண்ட் பக்கம்ங்கிறாரு. மருந்துக்கடை அக்காவும் அதையேதான் சொல்றாங்க. தபால்காரர் சைக்கிள நிறுத்திட்டுப் பாய்ஞ்சே காட்டினாரு. அவருக்கு ஞாபகம் பிசகியிருக்கும், அவரு விழுந்து எழுந்தவரு, நாங்க உட்கார்ந்து பார்த்தவங்கன்னு சொல்றாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை சுவருக்கு முன்னால் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுப்பது என்றாயிற்று. திங்கட்கிழமை அவள் வரையத் தொடங்கியாக வேண்டும்.

சனிக்கிழமை காலை நாரைகள் அணியின் முன்னாள் செயலாளர் கண் பரிசோதனைக்கு வந்தார். அணி செத்தாலும் செயலாளர் பதவி சாகவில்லை. அவர் இன்னும் அந்தப் பெயரில்தான் கையெழுத்துப் போடுகிறார். கீப்பர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பரிசோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிவிட்டார்.

"மூணாவது வரியப் படிங்கண்ணே."

"ரெண்டாவதுக்கு அப்புறம் ஒண்ணு இருக்கா?"

கீப்பர் லென்ஸை மாற்றினார். "இப்ப?"

"இப்ப ஏதோ எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. தம்பி, நாளைக்குக் கூட்டத்துல நீ சும்மா இரு. நான் பாத்துக்கிறேன். நான் அன்னிக்கு எங்க இருந்தேன்? மேல்வரிசை, கடைசி சீட்டு. அங்கேர்ந்து உன் கையுறைல பிரிஞ்சிருந்த தையல்கூட எனக்குத் தெரிஞ்சுது. அப்பல்லாம் எனக்கு ஏது கண்ணாடி? கழுகுக் கண்ணு!"

கீப்பர் கையில் செயலாளரின் பழைய அட்டை இருந்தது. முதல் கண்ணாடி வாங்கிய நாள், அந்த ஆட்டம் முடிந்த இரண்டாம் வருடம். பவர், மைனஸ் ஐந்து. அந்த நிலையில் மேல்வரிசையிலிருந்து கையுறை என்ன, கீப்பரே தெரிந்திருக்கமாட்டார். கோல் கம்பம் தெரிந்திருந்தால் அதுவே அதிர்ஷ்டம்.

"கழுகுதாண்ணே," என்றார் கீப்பர். அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

"பஸ் ஸ்டாண்ட் பக்கம். வழக்கம்போல் வலப்புறம். என்ன அழகா விழுந்த!"

"வழக்கம்போல்" என்ற அந்தச் சொல்தான் ஒவ்வொரு முறையும் கீப்பரின் விலாவில் குத்தும். செயலாளர் போன பிறகு, அணியில் ஆடிய ஒரு தடுப்பாட்டக்காரரின் எண்ணைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். வெளியிலிருந்து வந்து ஆடிய மற்றவர்கள் அணி கலைந்ததும் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். எண் இருந்தது இவருடையது மட்டும்தான்.

"பெனால்டியா?" என்றது மறுமுனை. "நான் எங்கடா பாத்தேன்? அது பெனால்டியே இல்லன்னு ரெஃபரியோட சண்டை போட்டுட்டு இருந்தேன். நீ புடிச்சிட்டங்கிறதே பஸ்ல வர்றப்பதான் சொன்னாங்க. ஆமா, பல்லு எப்படி இருக்கு உனக்கு? எனக்கு ரெண்டு போச்சு."

தொலைபேசியை வைத்தபோது கீப்பருக்கு முதன்முறையாகத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. பத்தொன்பது வருடங்களாக ஊரே ஒரே குரலில் ஒன்றைச் சொன்னால், தனியாக நிற்கும் ஞாபகம் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? இடது முழங்கையைத் தடவிப் பார்த்தார். தழும்பு இருந்தது. ஆனால் பள்ளிக்கூட நாட்களில் சைக்கிளிலிருந்து விழுந்ததும் அதே முழங்கைதான்.

கடையைச் சிறிது நேரம் சாத்திவிட்டு அங்காடிக்குப் போனார். பழைய கோல் கோடு அங்கே எந்த இடத்தில் ஓடுகிறது என்பதை அவர் முன்பே அளந்து வைத்திருந்தார்: சோப்புத்தூள் அடுக்கில் தொடங்கி பிஸ்கட் அடுக்கில் முடியும். சோப்புத்தூள் தொட்டிப் பக்கம், பிஸ்கட் பஸ் ஸ்டாண்ட் பக்கம். நடுவில் நின்றார். முழங்காலை மடக்கினார். கண்ணை மூடி, உடம்பு எந்தப் பக்கம் சாய விரும்புகிறது என்று கவனித்தார்.

"சார், என்ன தேடுறீங்க?" என்றாள் விற்பனைப் பெண்.

"ஒண்ணுமில்லம்மா."

"பிஸ்கட்டா? அந்தப் பக்கம்தான சாயுறீங்க."

கீப்பர் கண்ணைத் திறந்தார். உண்மைதான், வலப்பக்கம் சாய்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினார்.

பின்னறையில் மனைவி லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குப் பிசகும் பிடிபடும். பிஸ்கட்டைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினாள்.

"கடையச் சாத்திட்டுப் போய் வாங்குற அளவுக்குப் பசியா?"

"சும்மாதான் போனேன்."

"சும்மா போனா இதான் கிடைக்கும். உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காத பிஸ்கட்டு."

கீப்பர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிஸ்கட் பொட்டலத்தை மேசையில் வைத்தார். பிறகு, இயந்திரத்திடம் சொல்வதைப் போல, "அன்னிக்கு நான் எந்தப் பக்கம்..." என்று தொடங்கி, அதற்குள் பயந்து நிறுத்திக்கொண்டார். வலது என்று அவள் சொல்லிவிட்டால்? இடது போவது மட்டுமல்ல, மஞ்சள் குடையும் அல்லவா கூடவே போகும்?

இயந்திரம் நின்றது. "என்ன கேட்டீங்க?"

"ஒண்ணும் கேக்கல."

"கேட்டீங்க. பாதில விட்டுட்டீங்க."

"ஊரே வலதுங்குது. செயலாளர் சொல்றாரு, பேக்கரிக்காரர் சொல்றாரு. எனக்கே இப்ப சரியாத் தெரியல. நாளைக்குப் போய் வலதுன்னே ஒத்துக்கப் போறேன். யாருக்கு என்ன நஷ்டம்? சுவர்ல எந்தப் பக்கம் விழுந்தா என்ன, ஆட்டம் மூணுக்கு ஜீரோதான்."

அவள் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள். அவரை உற்றுப் பார்த்தாள். தப்பாகத் தேய்ந்த லென்ஸைப் பார்க்கும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"உங்களுக்கு அது எந்தப் பக்கம்ங்கிறது அவ்வளவு முக்கியமா?"

"பதினோரு தடவை வலது விழுந்தவன், ஒரே ஒரு தடவை..." அவர் கையை உதறினார். "விடு. சின்னப்புள்ளத்தனம்."

அவள் இயந்திரத்தைப் போட்டாள். ஆனால் கையில் லென்ஸ் எதுவும் இல்லை என்பதைக் கீப்பர் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போதவில்லை. அங்காடியின் தள்ளுவண்டிகளைக் கவிழ்த்துப் போட்டுச் சிலர் உட்கார்ந்தார்கள். வெள்ளைச் சுவரில் கோல் கம்பமும் குறுக்குக் கம்பமும் மட்டும் கரியால் கோடாக இழுக்கப்பட்டிருந்தன. நடுவில் ஆள் இல்லை. சுவரே கேள்வி கேட்பதைப் போலிருந்தது.

செயலாளர் புதுக் கண்ணாடியோடு எழுந்து நின்றார். "அன்னிக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். நம்ம எல்லாருமே அங்க இருந்தோம்."

"இருந்தோம்," என்றது கூட்டம்.

"நான் ஏழாவது வரிசை," என்றார் பேக்கரிக்காரர், யாரும் கேட்காமலே.

"நான் உங்களுக்குப் பின்னாலதான் இருந்தேன்," என்றாள் மருந்துக்கடைக்காரி. "உங்க தலைதான் மறைச்சுது."

"மறைச்சுதா? எனக்கு அப்ப முடியே கிடையாதே!"

"அதான் பளபளன்னு கண்ணக் கூசுச்சு. அப்படியும் நல்லாப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம்."

தபால்காரர் மறுபடியும் பாய்ந்து காட்டத் தயாரானார். இடுப்பைப் பிடித்து உட்காரவைத்தார்கள். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். முப்பத்தேழு பேர் பஸ் ஸ்டாண்ட் பக்கம். தொட்டிப் பக்கம் கீப்பர் ஒருவர்தான். அவரும் கடைசியில் எழுந்து, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "இத்தனை பேரு பார்த்திருக்காங்க. அவங்க சொல்றதுதான் சரியா இருக்கும். வலதுன்னே வரைஞ்சிடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டினார்கள். தோற்ற ஆட்டத்தின் முடிவில் தட்டுவார்களே, அந்த மாதிரி.

ஓவியர் சாரத்தின் கீழ்ப்பலகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கரித்துண்டைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நான் அஞ்சு ஊர் முடிச்சுட்டு வந்திருக்கேன். ஹாக்கி அணி ஊர்ல நாலாயிரம் பேர் பார்த்தேன்னாங்க. அந்த மைதானத்துல உட்கார பெஞ்சே கிடையாது. கூடைப்பந்து ஊர்ல பார்த்தவங்க சொல்லிச் சொல்லியே கேப்டன் இடதுகைக்காரர் ஆயிட்டாரு. பார்த்தவங்களோட என்னால முடியல." அவள் சிரித்துவிட்டுக் கையைக் கூப்பினாள். "இந்த ஊர்லயாவது அந்த மேட்சைப் பார்க்காதவங்க யாராவது இருக்கீங்களா? ஒரே ஒருத்தர் போதும். கையத் தூக்குங்க. அவங்ககிட்ட பேசணும்போல இருக்கு."

இப்படி ஒரு கேள்வியை அந்த மாநிலத்தில் அதுவரை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கூட்டம் செருப்புகளைப் பார்த்தது. பிறந்து பதினேழே வருடமான ஒருவன்கூடக் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தான். செயலாளர் தொண்டையைச் செருமி, "வெளியூர்ப் பொண்ணு, தெரியாம கேட்டுடுச்சு" என்று பூசி மெழுகப் பார்த்தார்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

கீப்பர் திரும்பிப் பார்த்தார். அந்தக் கையின் விரல்நுனிகளில் லென்ஸ் தேய்க்கும் மாவு வெள்ளையாகப் படிந்திருந்தது. மனைவி எழுந்து நின்றாள். மறுகையில் அவள் எதையோ துணிப்பையில் வைத்திருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"நான் பார்க்கல," என்றாள்.

"தங்கச்சி, விளையாடாதம்மா," என்றார் செயலாளர் பதறிப்போய். "கிழக்கு வாசல்ல மஞ்சள் குடை பிடிச்சுட்டு நின்னியே. நானே பார்த்தேனே!"

"மைனஸ் அஞ்சுல யாரைப் பார்த்தீங்களோ தெரியலண்ணே. அன்னிக்கு நான் எங்க அக்காவோட சினிமாவுக்குப் போயிட்டேன். இவரு தோத்துட்டு வர்றத எத்தனை தடவைதான் பார்க்கிறது? படமும் நல்லா இல்ல."

யாரோ சிரித்து, சிரித்ததற்கு வருந்தி, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அவள் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து சுவர் அருகே வந்தாள். பையிலிருந்து சாம்பல்நிற ஜெர்சியை எடுத்து உதறினாள். பத்தொன்பது வருடங்களாகப் பின்னால் மடிந்து கிடந்த கைகள் இரண்டும் விரிந்தன.

"பார்த்தவங்க பேசியாச்சு. நான் துவைச்சவ. அந்த வருஷம் கீப்பருக்கு அவங்க குடுத்தது இந்த ஒரு ஜெர்சிதான். இது வலது முழங்கை. பாருங்க." அங்கே ஒட்டுமேல் ஒட்டாகத் தைத்து, துணி செருப்புத் தோலைப் போலத் தடித்திருந்தது. "விழுந்து விழுந்து கிழிச்சுட்டு வருவாரு, நான் ஒட்டுப் போடுவேன். வருஷம் பூரா இதே வேலை. இது இடது முழங்கை. கடைசி மேட்ச் வரைக்கும் கடைல வாங்கின மாதிரியே இருந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலம் நான் சினிமா விட்டு வர்றேன், இவரு வாசல்ல நிக்கிறாரு. வலது கை சுத்தமா இருக்கு. இடது பக்கம் தோள்லேர்ந்து இடுப்பு வரைக்கும் சேறு. முழங்கை கிழிஞ்சு சரளைக்கல்லு ஒட்டியிருக்கு."

அவள் இடது கையை உயர்த்திக் காட்டினாள். முழங்கையில் ஒரே ஒரு ஒட்டு. கண்ணாடி துடைக்கும் நீலத்துணியில் வெட்டியது. தையல் நேராக, நெருக்கமாக, அவள் கையின் பிசகற்ற தையலாக இருந்தது.

"இது அன்னிக்கு ராவோட தைச்சது. மறுநாளே பெட்டிக்குள்ள போயிடுச்சு, அதுக்கப்புறம் யாரும் போட்டுக்கல. எந்தப் பக்கம் பாய்ஞ்சாருன்னு இப்ப நீங்களே சொல்லுங்க."

ஓவியர் எழுந்து வந்து அந்த ஒட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கரித்துண்டை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறி, தண்ணீர்த் தொட்டிப் பக்கக் கம்பத்தருகே ஒரு நீண்ட சாய்கோட்டை இழுத்தாள். நீட்டிய கை ஒன்று அங்கே உருவாகத் தொடங்கியது.

கீப்பர் எழுந்து ஜெர்சியின் அருகே வந்தார். பத்தொன்பது வருடம் தேடிய சாட்சி வீட்டுக்குள்ளேயே, அதுவும் கல்லாவுக்கு மேலேயே இருந்திருக்கிறது. தினமும் அவர்தான் அந்தப் பெட்டியைத் துடைப்பவர். ஆனால் அவர் வாயிலிருந்து முதலில் வந்தது வேறொன்று.

"அப்ப அந்தக் குடை?"

"அத அடுத்த வாரம் வாங்கினேன்," என்றாள் அவள், கொஞ்சம் தணிந்த குரலில். "வந்ததும் வராததுமா, மஞ்சள் குடையோட நின்னது நீதானன்னு கேட்டீங்க. முகம் அப்படி இருந்துச்சு. ஆமான்னுட்டேன். அப்புறம் பார்த்தா, வீட்ல குடையே இல்ல."

முன்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். செயலாளருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. மாநிலத்தின் எட்டு அணிகளும் கலைந்தபோதுகூட இப்படி ஒன்று கலைந்து அவர் பார்த்ததில்லை. அருகே வந்து குரலைத் தாழ்த்தி, கெஞ்சாத குறையாகச் சொன்னார்:

"சரிம்மா. சினிமா சீக்கிரம் விட்டிருக்கும். வர்ற வழியில எட்டிப் பார்த்திருப்ப. கடைசி அஞ்சு நிமிஷமாவது பார்த்திருப்பல்ல?"

அவள் கீப்பரைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிடு என்பதுபோல் கீப்பர் மெல்லத் தலையசைத்தார். அவள் ஜெர்சியைத் தோளில் போட்டுக்கொண்டு, கவிழ்த்த தள்ளுவண்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அஞ்சு நிமிஷம் என்ன, அஞ்சு வினாடிகூட இல்லண்ணே. அந்த மேட்சுக்கு நான் போகவே இல்ல."